இடப்பக்கத்து இருக்கை

காரைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே என் புருஷன் ட்ரெவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை பேட்டரி இறங்கிவிட்டது என்றான். நான் போய்ச் சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை முதுகுவலி. புதன்கிழமை மழை, மழையில் அந்தக் காரை வெளியே எடுப்பது பாவம் என்றான். யார்க்‌ஷரில் மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் கல்யாணமே நடந்திருக்காது.

"லொரெய்ன், நாப்பது வயசு தாண்டின காருக்கு சோதனையே வேண்டாம்னு சர்க்காரே சொல்லிடுச்சு. நீ என்ன சர்க்காருக்கு மேலயா?"

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. சான்றிதழ் இல்லாம ஓட்டத்துல சேத்துக்க மாட்டாங்க. கடுதாசியில தடி எழுத்துல போட்டிருக்கு, கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படி."

அந்த ஓட்டத்துக்கு எங்கள் பெயரைக் கொடுத்தது நான். அவனைக் கேட்கவில்லை. எண்பது பழைய கார்கள் சனிக்கிழமை காலை கார்லைலில் கிளம்பி, ஆறு நாளில் ஸ்காட்லாந்தின் வடக்குக் கரைக்குப் போய்ச் சேரும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், துருப்பிடித்த கூடாக அந்தப் பச்சைக் காரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டில் இறக்கியபோது, என் வாயை அடைப்பதற்காக அவன் சொன்னான்: "இதை எழுப்பி ஓட வச்சதும் முதல்ல உன்னை வடக்குக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்." பதினோரு குளிர்காலம் ஷெட்டிலேயே கிடந்து எழுப்பினான். கார் ரோட்டுக்கு வந்தும் ஏழு கோடை ஆகிவிட்டது. நான் போன மிகத் தூரமான இடம் ஹாரோகேட், அதுவும் கார் கண்காட்சிக்கு. எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு முழங்கால் போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காரின் ஜன்னல் வழியாக அந்தக் கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

ட்ரெவரும் நானும் ஸ்கிப்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவனுடைய பெருமை எனக்குப் பழக்கம். கார் சங்கத்தில் அவன் பெயர் 'பட்டி இல்லாத ட்ரெவர்'. இந்த 1967 மாடல் கார்கள் எங்கெங்கே துருவேறி உளுத்துப்போகும் என்று சங்கப் பத்திரிகையில் வருஷா வருஷம் போடுவார்கள்: பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன்சக்கரத் திருகாணி, ஹேண்ட் பிரேக் கம்பி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிச்சட்டம். அந்தச் சட்டம் உளுத்தால் ஆட்கள் வெல்டிங் செய்யச் சோம்பிப்போய்ப் பட்டி என்கிற களிம்பை வைத்துப் பூசி, பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். ட்ரெவர் கண்காட்சிக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பான். யாராவது குனிந்து பார்த்தால் போதும், காந்தத்தை எடுத்துக் கதவுக்கடியில் டக்கென்று ஒட்டவைப்பான். "இரும்பு, பூரா இரும்பு. ஒரு ஸ்பூன் பட்டி கிடையாது." மூன்று கோப்பை வாங்கியிருக்கிறான். மூன்றையும் துடைப்பது நான்.

அந்தக் காரில் எனக்கு என்று சில கட்டுப்பாடுகள் உண்டு. ஏறும்போது காலை ஊன்றி ஏறக் கூடாது. கனமான பையை என் பக்கம் வைக்கக் கூடாது, அவனுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். "பூ மாதிரி உக்காரு, கண்ணு" என்பான். தரைவிரிப்பு கெட்டுவிடும் என்று நினைத்துக்கொள்வேன். வாழ்க்கையில் நான் எதன்மீதும் பூ மாதிரி உட்கார்ந்ததில்லை, ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை அவனுக்குச் சாக்கு தீர்ந்துபோனது. கடைசியாக ஒன்றை மட்டும் முயன்றான்.

"சரி, போவோம். ஆனா அந்த ஷபீர்கிட்ட வேண்டாம். அவன் சின்னப் பையன், பழைய கார் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? இன்க்லிட்டன்ல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். ஒரு டீ குடிக்கிற நேரத்துல கையெழுத்துப் போட்டுடுவான்."

"ஷபீருக்கு முப்பத்தாறு வயசு. என் வண்டியில வைப்பர் ரப்பர் தேஞ்சிருக்குனுகூட எழுதிக் குடுத்தவன். உன் கார்லதான் குத்தமே கிடையாதே, அவன் பாத்தா என்ன, ராஜா பாத்தா என்ன?"

ட்ரெவர் காரை எடுத்தான். ஷபீரின் பட்டறை இரண்டு மைல்தான். அதற்குள் நான்கு முறை கழுத்தைத் தடவிக்கொண்டான்.

பட்டறையில் வண்டிக்காரர்கள் உட்கார ஒரு சின்ன அறை உண்டு. மூன்று நாற்காலி, ஒரு கெட்டில், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. சோதனை நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அது நம் உரிமை. ஆனால் முடியும்வரை சோதிப்பவரிடம் பேசக் கூடாது என்று பலகை போட்டிருக்கிறார்கள். நான் பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ட்ரெவர் குட்டி போட்ட பூனை மாதிரி அந்த எட்டடி அறைக்குள் நடந்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது, ஷபீர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அடித்துப் பார்த்தான். வைப்பர் முனகிக்கொண்டே துடைத்தது. உருளையில் ஏற்றி பிரேக் பார்த்தான், தேறியது. ஹேண்ட் பிரேக் மயிரிழையில் தேறியது.

"பாத்தியா, எல்லாம் நேராத்தான் போகுது. உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்றேன்.

"உக்காந்தா முதுகு பிடிக்குது."

"ஒரு கேக் துண்டாவது சாப்பிடு."

"வேண்டாம்."

கேக்கை வேண்டாம் என்ற ட்ரெவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஷபீர் காரை லிஃப்டில் வைத்து மேலே தூக்கினான். கையில் ஒரு டார்ச், இன்னொரு கையில் சாண் நீளத்தில் தட்டிப் பார்க்கிற கருவி. விரிப்பைத் தூக்கவோ ஆணியைக் கழற்றவோ அவனுக்கு அனுமதி கிடையாது. கண்ணால் பார்க்கலாம், தட்டலாம், லேசாகச் சுரண்டலாம். வலப்பக்கம் முன்னாலிருந்து ஆரம்பித்துத் தட்டிக்கொண்டே போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூடக் கணீர் கணீர் என்று கேட்டது. பின்சக்கரம்வரை போய்விட்டு எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். நானும் என் கப்பை உயர்த்தினேன். கடல் என் கண்முன் வந்துவிட்டது.

"லொரெய்ன்" என்றான் ட்ரெவர். "எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு. வீட்டுக்குப் போயிடலாம்."

கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எழுபது வயதை நெருங்குகிறவன் நெஞ்சு என்றால் விளையாட்டா? "எங்க வலிக்குது? கை வலிக்குதா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"வேண்டாம், வேண்டாம். வீட்டுக்குப் போனா சரியாயிடும். அவனை நிறுத்தச் சொல்லு, காரை இறக்கச் சொல்லு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அவன் முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் அவன் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அவன் கண் முழுக்க ஷபீரின் கையில் இருந்தது. அந்தக் கை இடப்பக்கம் திரும்பி, முன்சக்கரத்தைத் தாண்டி, என் இருக்கைக்கு அடியில் வந்துகொண்டிருந்தது.

டொக்.

ஷபீர் நின்றான். இரண்டங்குலம் பின்னால் வந்து தட்டினான், கணீர். முன்னால் போய்த் தட்டினான், டொக். மறுபடி டொக். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு லேசாகச் சுரண்டினான். தார் பூச்சோடு சேர்ந்து ஒரு பிஸ்கட் அளவுக்கு ஏதோ பெயர்ந்து அவன் பூட்ஸ் மேல் விழுந்தது. அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அப்போது ட்ரெவர் உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் முதல் தடவையாக, அசையாமல் உட்கார்ந்தான். நெஞ்சைப் பற்றிப் பிறகு அவன் பேசவே இல்லை.

ஷபீர் கதவைத் திறந்துகொண்டு வந்தான். "ரெண்டு பேரும் வாங்க, நீங்களே பாத்துடுங்க" என்றான். காருக்கு அடியில் போய் நின்றோம். ஏழு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் காரை முதல் தடவை கீழேயிருந்து பார்த்தேன். வலப்பக்கம் புதுத் தகடு, நல்ல தையல்காரி தைத்த மாதிரி வரிசையாக வெல்டிங். இடப்பக்கம் கறுப்பாகப் பூசி மெழுகியிருந்தது. ஷபீர் சுரண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்தது. அதற்குள் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலை.

"மிஸஸ் ஆக்ராய்ட், உங்க சீட் பெல்ட்டோட கீழ் முனை இதுலதான் நிக்குது. சீட்டோட ரெண்டு காலும் இதுலதான்" என்றான் ஷபீர். எங்கள் அப்பாவுக்கு டாக்டர் கெட்ட செய்தி சொன்ன குரல் அப்படித்தான் இருந்தது. "நீங்க பெல்ட் போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதான். எங்கயாவது முட்டியிருந்தா பெல்ட், சீட், நீங்க, மூணும் சேந்து முன்னால போயிருக்கும்."

ஷபீர் ட்ரெவர் பக்கம் திரும்பினான். நல்ல மனுஷன், தப்பிக்க ஒரு வழி விட்டான்.

"பழைய வேலையா இருக்கும். நீங்க வாங்கும்போதே இருந்துச்சோ?"

ட்ரெவர் தொண்டையைச் செருமினான்.

"இருந்திருக்கும்" என்றான். "ஆமா. வாங்கும்போதே இருந்திருக்கும். நான் கவனிக்கல."

வாங்கும்போது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பெரிய ஓட்டைதான் இருந்தது. எங்கள் பூனை அதன் வழியாகத்தான் காருக்குள் போய்க் குட்டி போட்டது. நான்தான் குட்டிகளை எடுத்து வெளியே வைத்தேன். அது ட்ரெவருக்கும் தெரியும். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றும் தெரியும். தெரிந்தும் சொன்னான்.

காந்தத்தை எப்போதும் எந்தப் பக்கம் ஒட்டினான்? வலப்பக்கம். கண்காட்சியில் இடப்பக்கத்தை எப்போதும் வேலியை ஒட்டித்தான் நிறுத்தினான். என் பக்கம் கனம் கூடாது, காலை ஊன்றக் கூடாது, பூ மாதிரி உட்கார வேண்டும். நான் ஷபீரின் டூல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஷபீர் முடிவை அச்சடித்துக் கொடுத்தான். முன்சக்கரத் திருகாணியில் கிரீஸ் இல்லை, கவனிக்கவும். பின்பக்க ரப்பர் வெடித்திருக்கிறது, கவனிக்கவும். ஹேண்ட் பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறது, கவனிக்கவும். அதெல்லாம் இந்தக் காருக்கு எல்லோரும் எழுதுவது. கடைசி வரி தனியாக இருந்தது: இடப்பக்க அடிச்சட்டம், பெல்ட் பிணைப்பு இடம், கடுமையாக உளுத்துள்ளது, ஆபத்தானது, பழுது நீக்கும்வரை ஓட்டக் கூடாது.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்தோம். பஸ்ஸில் ட்ரெவருக்கு மறுபடி இருப்புக் கொள்ளாமல் போய்விட்டது. முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் இன்டர்நெட்ல ஏத்திடுவாங்க தெரியுமா?" என்றான் கடைசியில். "நம்பரை அடிச்சா யார் வேணா பாக்கலாம். அழிக்கவும் முடியாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் பயந்தது நடந்தது. எங்கள் சங்கத்தில் அடுத்தவன் கார் நம்பரை அடித்துப் பார்ப்பது காலையில் டீ குடிக்கிற மாதிரி. ஐந்து மணிக்குப் போன் வந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் நைஜல். ட்ரெவர் சமையலறையில் நின்று பேசினான், நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"ஆமா நைஜல், நானும் பாத்தேன்... இல்ல இல்ல, தப்புதான். அந்தப் பையன் வேற காரோட சேத்துக் குழப்பிட்டான். பழைய கார் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்... ஆமா, புகார் குடுக்கத்தான் போறேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"நைஜல், லொரெய்ன் பேசுறேன். ஷபீர் சரியாத்தான் பாத்திருக்கான். பட்டிதான். கோழிக்கூட்டு வலைக்கு மேல அப்பின பட்டி. என் சீட்டுக்கு அடியில. நானே பாத்தேன். எல்லாருக்கும் சொல்லிடு, அவங்களுக்குப் போன் செலவு மிச்சம்."

போனை வைத்தபோது ட்ரெவர் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான்.

"என்னை நாசம் பண்ணிட்டே" என்றான்.

"நானா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வலப்பக்கம் முடித்த சமயம் அது. இடப்பக்கத்துக்குத் தகடுகூட வெட்டி வைத்தாகிவிட்டது. ஜூனில் கண்காட்சி, ஐந்து வாரம்தான் இருந்தது. அந்த மே மாதம் சட்டம் மாறியது: நாற்பது வயதான காருக்குச் சோதனை வேண்டாம். இனி யாரும் அடியில் தட்டப்போவதில்லை. இப்போதைக்குப் பூசிவிடுவோம், குளிர்காலத்தில் பிரித்து ஒழுங்காக வெல்டிங் செய்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான்.

"அப்புறம் கோப்பை குடுத்துட்டாங்க. பட்டியே இல்லைன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிப் பிரிப்பேன்? சங்கத்து ஆளுங்க வாரத்துக்கு ரெண்டு தடவை ஷெட்டுக்கு வந்துட்டுப் போறாங்க. ஒருத்தன் பாத்தா போதுமே."

"ஏழு குளிர்காலம், ட்ரெவர்."

"அதனாலதான் நாப்பது மைல் வேகத்துக்கு மேல ஓட்டினதே இல்ல. தூரமா கூட்டிட்டுப் போகாததும் அதனாலதான். நீ ஏறினதுலேர்ந்து இறங்குறவரைக்கும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டியிருக்கேன். சத்தியமா, லொரெய்ன்."

"ஏழு வருஷம் மூச்சைப் பிடிச்சியே, ஒரு நாள் வாயைத் திறந்தா என்ன?"

உருளைக்கிழங்கு தண்ணீரில் கிடந்து கறுத்துப்போனது. அன்று இருவரும் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். நான் பையைக் கட்டினேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு என்னுடைய சின்ன வெள்ளை வண்டியில் பையை வைத்தேன். ட்ரெவர் அதைச் சோப்பு டப்பா என்பான். ஓட்டத்தில் அதைச் சேர்க்க மாட்டார்கள், சேர்க்காவிட்டால் போகட்டும். கடல் அங்கேதான் இருக்கும், யார் எந்தக் காரில் வந்தால் அதற்கென்ன. ட்ரெவர் ஒரு பையோடு கேட்டருகே நின்றிருந்தான். முகம் மழித்திருந்தான்.

"நானும் வரட்டுமா?"

"நான்தான் ஓட்டுவேன்."

"சரி."

இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். பெல்ட்டை மாட்டினான். கிர்க்பி லான்ஸ்டேல் தாண்டி மோட்டார்வேயில் ஏறினோம். ஷாப் என்கிற மலைமேட்டில் மழை பிடித்துக்கொண்டது. முன்னாலும் பக்கத்திலும் லாரிகள், அவை வாரியடிக்கிற தண்ணீரில் ரோடே தெரியவில்லை. என் கோபம் முழுக்க என் வலது காலில் இருந்தது. வேகமுள் எழுபத்தைந்து மைலில் நின்றது. ட்ரெவர் ஒரு கையால் கதவுப் பிடியையும் இன்னொரு கையால் இருக்கையின் விளிம்பையும் பிடித்துக்கொண்டான்.

"லொரெய்ன், கொஞ்சம் மெதுவா போ."

நான் ஒரு லாரியைத் தாண்டினேன்.

"கண்ணு, எனக்குப் பயமா இருக்கு."

"பயமா?"

"ஆமா."

"அந்தக் கார்ல ஏழு வருஷம் நான் இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன்" என்றேன். "ஒரு நாள்கூட எனக்குப் பயம் வந்ததில்ல, ட்ரெவர். தூங்கிக்கூட இருக்கேன். ஓட்டுறது நீ, அதனால."

அவன் அழுதான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.